தீய்ந்த பஞ்சு: முதன்முதலாகக் கட்டிய ஓர் ஆர்டிஏ டேங்க்

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப்களை (இ-சிகரெட்) விற்கத் தடை. அதை நம்பிச் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இந்த ஆய்வில் வருபவர் அவர்களில் ஒருவர். கிழக்கு லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சரக்குக் கிடங்கில் இரவு வேலை, இருபத்தைந்து வருடச் சிகரெட் பழக்கம். பெயர் வேண்டாம். நான் கூப்பிடுவது போல அண்ணை என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் பாட் வகைக் கருவி ஒன்று வாங்கினார். பாட் என்றால் தீர்ந்ததும் கழற்றி மாற்றும் சின்னக் கூடு. பாட் மாற்றுகிற செலவு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கிடங்கில் கூட வேலை செய்யும் ஒரு பையன், "நீங்களே காயில் கட்டிக்கொள்ளலாம், கம்பியும் பஞ்சும் சில பென்ஸ்தான்" என்று சொல்லியிருக்கிறான். காயில் என்றால் சூடாகி ஜூஸை ஆவியாக்கும் கம்பிச் சுருள், ஜூஸ் என்றால் அந்தத் திரவம். அந்தப் பேச்சில் ஓர் ஆர்டிஏ டேங்க், ஒரு சுருள் கம்பி, ஒரு பாக்கெட் பஞ்சு, பெரிய பாட்டிலில் ஜூஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கட்டியும் விட்டார். இழுத்தால் தீய்ந்த நெடி. அதற்கு அப்புறம்தான் எனக்கு போன் வந்தது.

இதை எழுதக் காரணம், அவருக்கு வந்த இரண்டு கோளாறும் (முதலில் தீய்ந்தது, பிறகு ஒழுகியது) முதல்முறை கட்டுகிற எல்லோருக்கும் வருபவை. இரண்டுக்கும் மூலம் ஒரே இடம், பஞ்சு. ஆனால் எல்லோரும் காயிலைத்தான் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

டேங்க் வேலை செய்கிற விதம்

ஆர்டிஏ என்றால், கடையில் விற்கிற காயிலை மாட்டாமல் நாமே கம்பி சுற்றி, பஞ்சு கோர்த்துக் கட்டும் டேங்க். அடியில் டெக் என்கிற வட்டத் தட்டு. அதில் இரண்டு தூண்கள். காயிலின் இரண்டு கால்களையும் தூணில் வைத்து ஸ்க்ரூவால் இறுக்குவோம். காயிலுக்கு நேர் கீழே காற்றுத் துளை. காயிலுக்குள் பஞ்சை நுழைத்தால் இரண்டு பக்கமும் வால் தொங்கும். அந்த வால்கள் டெக் ஓரத்தில் வெட்டியிருக்கும் வாய்க்காலில் உட்காரும். இதற்கு மேல் சிம்னி, சிம்னியைச் சுற்றிக் கண்ணாடிக் குழல், குழலுக்குள் ஜூஸ். வாய்க்காலுக்கு வரும் ஜூஸ் பஞ்சின் வாலைத் தொட்டு, பஞ்சு வழியே காயிலுக்கு ஏறும். அகல் விளக்கில் திரி எண்ணெய் ஏற்றுகிற அதே வேலைதான். ஆனால் அகல் திறந்திருக்கிறது, டேங்க் மூடியிருக்கிறது.

மூடிய டேங்கிலிருந்து ஒரு துளி ஜூஸ் போனால், போன இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, அடுத்த துளி இறங்காமல் அப்படியே நிற்கும். காற்று வருவதற்கு இருக்கும் ஒரே வழியும் அந்தப் பஞ்சுதான். இழுத்து முடித்ததும் கண்ணாடிக்குள் ஒரு குமிழி மேலே ஏறுவதைப் பார்க்கலாம். வாய்க்கால் வழியாக உள்ளே நுழைந்த காற்று அது. ஆக, பஞ்சுக்கு இங்கே இரட்டை வேலை: ஜூஸை வெளியே விட வேண்டும், காற்றை அளவோடு உள்ளே விட வேண்டும். வாய்க்காலில் பஞ்சை அடைத்து வைத்தால் காற்று போகாது, காயில் காயும். பஞ்சு போதாமல் போனால் காற்று தாராளமாகப் போகும், ஜூஸ் தாராளமாகக் கீழே கொட்டும்.

முதல் புகார்

"முதல் இழுவை நல்லாத்தான் இருக்கு தம்பி. மூண்டாவது, நாலாவது இழுவையிலதான் தொண்டையைப் பிடிக்குது."

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. காயிலோ அதன் இணைப்போ கோளாறு என்றால் முதல் இழுவையிலேயே தெரிந்திருக்கும். முதலில் நன்றாக இருந்து, தொடர்ந்து இழுக்கும்போது கெட்டுப்போகிறது என்றால், செலவாகிற வேகத்துக்கு ஜூஸ் வந்து சேரவில்லை என்று பொருள். ஆனாலும் ஊகத்தில் பிரிக்கக் கூடாது என்று வரிசையாகவே பார்த்தோம்.

காயில்: காந்தல் (Kanthal) ஏ1 என்கிற வகைக் கம்பி, 28 கேஜ், அதாவது 0.32 மிமீ தடிமன். 2.5 மிமீ தடிமனுள்ள குச்சியின் மேல் ஆறு சுற்று. இந்தக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 18 ஓம் வரும். ஆறு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 53 மிமீ, கால்களுக்கு இன்னும் ஒரு 8 மிமீ. கணக்குப் போட்டால் 1.1 ஓம். மோடில் (டேங்கை மாட்டும் பேட்டரிப் பெட்டி) காட்டியதும் அதேதான். ஸ்க்ரூவை லேசாகத் தட்டினேன், மோடை ஆட்டினேன், எண் அசையவில்லை. இணைப்பு உறுதி. 12 வாட்டில் வைத்திருந்தார். இந்தக் காயிலுக்கு நியாயமான அளவு. பழைய காயில்காரர்கள் பலரைவிட அழகாகவே சுற்றியிருந்தார், கம்பிக்குக் கம்பி ஒட்டி, கோணல் இல்லாமல். கை வேலைக்காரர் என்று தெரிந்தது.

அடுத்தது கண்ணாடி. அவரை இழுக்கச் சொல்லிவிட்டு நான் குமிழியைப் பார்த்தேன். இரண்டாம் இழுவைக்கு அப்புறம் குமிழியே இல்லை. மூன்றாவதில் அவர் முகம் சுளித்ததும் நிறுத்தச் சொல்லி, மேல்மூடியை அரைச் சுற்று தளர்த்தினேன். "உஸ்" என்று மெலிதாக ஒரு சத்தம், வாய்க்கால் பக்கம் ஜூஸ் மட்டம் லேசாக அசைந்தது. மூடியை இறுக்கி அரை நிமிடம் விட்டு இழுக்கச் சொன்னேன். தீய்ந்த நெடி போகவில்லை (தீய்ந்த பஞ்சு தீய்ந்ததுதானே), ஆனால் புகை மறுபடி கனமாக வந்தது. உள்ளே அழுத்தம் இறங்கித்தான் ஜூஸ் நின்றிருக்கிறது என்பது உறுதியாயிற்று. மூடியைத் தளர்த்திப் பார்க்கும் இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. டேங்கைப் பிரிக்கும் முன் யாரும் செய்யலாம்.

பிரித்தோம். காயிலுக்குள் இருந்த பஞ்சை மெதுவாக உருவி வெள்ளைத் தாளில் வைத்தேன். நடுவில், காயிலின் அடிப்பக்கம் பட்ட இடத்தில், கருஞ்சிவப்பாக ஒரு பட்டை. ஆறு சுற்றின் தடமும் எண்ணிப் பார்க்கலாம் போலிருந்தது. வாலின் நுனி ஜூஸில் ஊறிப் பளபளத்தது. நுனிக்கும் நடுவுக்கும் இடையில், வாய்க்காலின் வாயில் அழுந்தியிருந்த பகுதி மட்டும் வெளுத்து, கெட்டியாகி, கிள்ளினால் ஈரமே இல்லாமல் இருந்தது. ஜூஸ் வாசல் வரை வந்து அங்கேயே நின்றிருக்கிறது.

"பஞ்சு கூட இருந்தாத்தானே ஜூஸ் கூட வரும்?" என்றார் அண்ணை. முதல்முறை கட்டுகிறவர் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள். பஞ்சை அழுத்தினால் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி போய்விடுகிறது. ஜூஸ் ஏறுவதே அந்த இடைவெளியில்தான்.

ஜூஸும் நிக்கோட்டினும்

பஞ்சோடு கதை முடியவில்லை. அவர் வாங்கியிருந்தது விஜி 70, பிஜி 30 கலவை. விஜி என்பது கிளிசரின், பிஜி என்பது புரோப்பிலீன் கிளைக்கால். அறை வெப்பத்தில் கிளிசரின், பிஜியைவிட இருபது மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பானது. குளிரில் இன்னும் கெட்டியாகும். இரவு நேரக் கிடங்கின் குளிரில், வாயில் வைத்து இழுத்து அப்புறம் நுரையீரலுக்கு எடுக்கும் சின்னத் துளை டேங்கில், 70 விஜி ஏறுவது சிரமம்தான். புகை நிறைய வரும் என்று கடையில் சொல்லித் தந்தார்களாம்.

இதைவிட முக்கியமான விஷயம் நிக்கோட்டின் அளவு. பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள் விதிகளின்படி நிக்கோட்டின் உள்ள ஜூஸ் பாட்டில் 10 மிலிக்கு மேல் போகக் கூடாது, டேங்க் 2 மிலிக்கு மேல் போகக் கூடாது, நிக்கோட்டின் ஒரு மிலிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 10 மிலி வரம்பைத் தாண்டக் கடைகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: நிக்கோட்டின் இல்லாத 50 மிலி ஜூஸைப் பெரிய பாட்டிலில் விற்று, 18 மில்லிகிராம் உள்ள 10 மிலி குப்பி ஒன்றைக் கூடவே தருவது. இரண்டையும் கலந்தால் 60 மிலி, மிலிக்கு 3 மில்லிகிராம். அண்ணை வாங்கியது இதுதான். அதுவரை அவர் இழுத்தது மிலிக்கு 20 மில்லிகிராம் உள்ள தூக்கிப்போடும் வேப்.

இருபதிலிருந்து மூன்றுக்கு இறங்கிய உடம்பு சும்மா இருக்குமா? ஒரு இழுவையில் அடங்க வேண்டியது ஐந்து இழுவைக்கும் அடங்கவில்லை. விடாமல், நீள நீளமாக இழுத்திருக்கிறார். அடைத்த பஞ்சு, கெட்டி ஜூஸ், இடைவெளி விடாத இழுப்பு, மூன்றும் சேர்ந்துகொண்டன. இதில் மூன்றாவதை யாரும் கோளாறுப் பட்டியலில் எழுத மாட்டார்கள். நான் பார்த்தவரை தீய்ந்த நெடிப் புகாரில் நிறையவே இந்த வகை. டேங்கைத் திட்டுவதற்கு முன், முந்தி என்ன பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

"கொஞ்சம் எரிஞ்சா என்ன?"

பஞ்சை மாற்றும் வரை இழுக்க வேண்டாம் என்றதற்கு அண்ணைக்குச் சிரிப்பு. "இருபத்தஞ்சு வருசமா சிகரெட் பத்தினனான் தம்பி. உது கொஞ்சம் எரிஞ்சா என்ன?"

இதற்குப் பதில் சொல்ல ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு சிறு கடிதம் வந்தது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் எழுதியது. டேங்க் வகை இ-சிகரெட் ஒன்றை எடுத்து 3.3 வோல்ட்டிலும் 5.0 வோல்ட்டிலும் இழுக்கவைத்து, ஆவியைச் சேகரித்து அளந்தார்கள். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை (புற்றுநோய் தரக்கூடிய நச்சு) வெளிவிடும் சேர்மங்கள் எதுவும் பிடிபடவில்லை. 5.0 வோல்ட்டில் பத்து இழுவைக்குச் சராசரி 380 மைக்ரோகிராம் ஃபார்மால்டிஹைடுக்குச் சமமான அளவு. ஒரு நாளைக்கு 3 மிலி ஜூஸ் என்று கணக்கிட்டால் 14 மில்லிகிராமுக்கு மேல். இருபது சிகரெட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு 3 மில்லிகிராம். சிகரெட்டைவிடப் பல மடங்கு புற்றுநோய் அபாயம் என்கிற அளவில் செய்தி உலகெங்கும் ஓடியது.

வேப் இழுத்து அனுபவமுள்ளவர்கள் கேட்டது ஒரே கேள்வி: அந்தக் கருவியில் 5.0 வோல்ட்டில் யாராவது உண்மையில் இழுக்க முடியுமா? இயந்திரத்துக்கு நாக்கு கிடையாது. பஞ்சு காய்ந்து தீய்ந்தாலும் அது தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

கிரேக்க ஆய்வாளர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸ் குழுவினர் அதே ஆண்டு அடிக்‌ஷன் இதழில் வெளியிட்ட சோதனைதான் நம் விஷயத்துக்கு நேரடியாக வருகிறது. இரண்டு அட்டாமைசர் (காயிலும் திரியும் சேர்ந்து ஜூஸை ஆவியாக்கும் பகுதி) தயார் செய்தார்கள். ஒன்றில் வழக்கமான ஒற்றைத் திரி, இன்னொன்றில் ஜூஸ் நிறைய வர இரட்டைத் திரி. அனுபவசாலிகளை 6.5, 7.5, 9, 10 வாட்டில் இழுக்கச் சொல்லி, எங்கே தீய்கிறது என்று கேட்டார்கள். ஒற்றைத் திரியில் 9 வாட்டிலும் 10 வாட்டிலும் எல்லோருக்கும் தீய்ந்தது. இரட்டைத் திரியில் எந்த வாட்டிலும் தீயவில்லை. அப்புறம் ஆவியை அளந்தால், தீயாத நிலைகளில் பத்து இழுவைக்கு ஃபார்மால்டிஹைடு அதிகபட்சம் 11.3 மைக்ரோகிராம், தீய்ந்த நிலையில் 344.6 வரை. அக்ரோலின் என்கிற இன்னொரு நச்சு 1 மைக்ரோகிராம் அளவில் இருந்தது 210-க்குப் போயிற்று. அதே 10 வாட், திரி மட்டும் வேறு.

அக்ரோலின் நமக்கு அந்நியமானதில்லை. வாணலியில் எண்ணெய் காய்ந்து புகைந்து கண் எரிகிறதே, அந்த எரிச்சலுக்குப் பெரும் பொறுப்பு இதற்கு உண்டு. எண்ணெயில் இருக்கும் கிளிசரால் (கிளிசரினேதான்) வெந்து நீரை இழந்தால் அக்ரோலின். ஜூஸிலும் அதே கிளிசரால்தான் இருக்கிறது. பஞ்சில் ஈரம் இருக்கும் வரை, கொதித்து ஆவியாகும் ஜூஸே காயிலின் சூட்டைப் பிடித்து வைக்கும். பிஜி 188 டிகிரியிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கும். ஈரம் போனால் பிடிக்க ஆள் இல்லை. 2018-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வில் முழுக்க நனைந்த காயில் 110 முதல் 185 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது. காய்ந்த காயில் 322-இலிருந்து 1,008 வரை.

போர்ட்லாந்து கடிதம் தவறாக வழிநடத்துகிறது, திரும்பப் பெற வேண்டும் என்று ஃபார்சலினோஸ் தரப்பினர் அடிக்‌ஷன் இதழிலேயே எழுதினார்கள். அது திரும்பப் பெறப்படவில்லை. தீய்கிற ருசி ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை எல்லையாக வைக்க முடியாது என்ற எதிர்வாதமும் உண்டு. 2017-இல் ஃபார்சலினோஸ் குழு அதே கருவியை வைத்து மறுபடி அளந்தபோது 5.0 வோல்ட்டில் 718 மைக்ரோகிராம் வந்தது, போர்ட்லாந்தில் வந்ததைவிட அதிகமாகவே. மனிதர்கள் தாங்குகிற எல்லையான 4.0 வோல்ட்டில் 19.8. எண்ணில் சண்டை இல்லை என்பது அப்போது தெளிவாயிற்று. அந்த எண் எந்த நிலைமைக்கு உரியது என்பதில்தான் சண்டை. அந்த 19.8 கூடப் பூச்சியம் கிடையாது. ஒரு நாளைக்கு 3 கிராம் ஜூஸ் என்றால் இருபது சிகரெட்டைவிட 32 சதவீதம் குறைவு, அவ்வளவுதான். அந்தப் பழைய டிசைன் அப்படி.

அண்ணையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. தீய்கிற இழுவைக்கும் தீயாத இழுவைக்கும் நடுவில் முப்பது மடங்குக்குக் குறையாமல் வித்தியாசம் என்று மட்டும் சொன்னேன். டேங்கைக் கீழே வைத்துவிட்டார். சிகரெட்டே பழக்கமில்லாதவர் இந்தக் கணக்குக்குள் வரவே தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது புகார்

அடுத்த பஞ்சை அவரே வைத்தார். "கூட வைச்சாத் தீயுது" என்று மனதில் பதிந்துவிட்டதால் வால்களைச் சீவிச் சீவி நூல் மாதிரி ஆக்கி, வாய்க்காலில் பாதிதான் மூடும்படி விட்டுவிட்டார். அன்றைக்குத் தீயவில்லை. காலையில் ஜாக்கெட் பாக்கெட் முழுக்க ஜூஸ்.

இங்கே ஒரு சிக்கல். லீக்குக்குக் காரணம் பஞ்சாகவும் இருக்கலாம், ரப்பர் வளையமாகவும் இருக்கலாம், நிரப்பிய விதமாகவும் இருக்கலாம். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது என்று கடைசிவரை தெரியாது. அவருடைய டேங்கில் வாய்க்காலைத் திறந்து மூடும் வசதி இருந்ததால் வேலை சுலபமாயிற்று. வாய்க்காலை மூடி, ஜூஸ் நிரப்பி, டிஷ்யூ பேப்பர் மேல் நிறுத்தி வைத்தோம். சில மணி நேரம் கழித்துத் தலைகீழாகவும் வைத்தோம், மேல்மூடியின் வளையத்தைச் சோதிக்க. டிஷ்யூ இரண்டு முறையும் காய்ந்தே இருந்தது. வளையங்கள் நல்லவை. மேல் வளையம் கெட்டிருந்தால் காற்று மேலிருந்து நுழையும், பஞ்சு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஜூஸ் கீழே இறங்கிவிடும். புதுப் பஞ்சு வைத்தும் நிற்காத லீக்கில் முதலில் பார்க்க வேண்டியது அந்த வளையம்தான்.

பிறகு அவர் நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாய்க்கால் திறந்தபடியே இருக்க, மேல்மூடியைக் கழற்றினார். கழற்றிய கணமே உள்ளே இருந்த அழுத்தக் குறைவு போய்விட்டது. ஜூஸைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. விளிம்பு வரை ஊற்றினார். மூடியைத் திருகி இறக்கினார். இறங்கும் மூடி உள்ளே இருப்பதை அழுத்த, ஜூஸுக்குப் போக ஒரே வழி, அந்த நூல் பஞ்சு. அடியில் காற்றுத் துளையிலிருந்து ஒரு துளி எட்டிப் பார்த்தது. இழுத்தால் களகள என்று சத்தம், உதட்டில் சூடாக ஒரு தெறிப்பு.

சரியாக வந்த கட்டு

காயிலை மாற்றவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு, குறைந்த வாட்டில் விட்டு விட்டுச் சூடாக்கி, ஒட்டியிருந்த கரியை எரித்தோம். நடுச் சுற்று முதலில் சிவந்து இரண்டு பக்கமும் சமமாகப் பரவுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால், ஆறிய பிறகு செராமிக் சாமணத்தால் சுற்றுகளை லேசாகச் சேர்த்துப் பிடிக்கலாம். காயில் டெக்கிலோ சிம்னியிலோ உரசாமல், காற்றுத் துளைக்கு நேர் மேலே சற்றுத் தூக்கலாக நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டோம். உரசினால் ஷார்ட்.

பஞ்சின் ஒரு முனையை முறுக்கிக் காயிலுக்குள் விட்டு இழுத்தோம். இழுக்கும்போது கொஞ்சம் பிடிக்க வேண்டும், காயில் வளையக் கூடாது. வழுக்கிக்கொண்டு வந்தால் பஞ்சு கம்மி, கம்பியே கூட வந்தால் பஞ்சு கூட. சரி, இது விரலுக்குத்தான் தெரியும். எழுதிப் புரியவைக்க முடிவது இவ்வளவே. வால்களை டெக்கின் வெளி விளிம்பு அளவுக்குச் சாய்வாக வெட்டி, சிறு சீப்பால் சீவி, வெளிப்பக்கப் பஞ்சில் மட்டும் கொஞ்சம் குறைத்தோம். காயிலுக்குள் இருக்கும் பஞ்சை மெலிக்கவில்லை. அப்புறம் ஜூஸை முதலில் காயில் மேலும் வால் மேலும் சொட்டு சொட்டாக விட்டு நனைத்தோம். நனைந்த வாலைச் சாமணத்தால் வாய்க்காலில் படியவைப்பது, காய்ந்த வாலைத் திணிப்பதைவிட எவ்வளவோ சுலபம். வாய்க்காலின் வாய் முழுக்க மூட வேண்டும், ஆனால் சாமண நுனியால் தொட்டால் பஞ்சு மெத்தென்று உள்வாங்க வேண்டும். அண்ணை இதைப் பிடித்துக்கொண்டார்.

ஜூஸ், பாதிக்குப் பாதி விஜியும் பிஜியும் உள்ளது, மிலிக்கு 12 மில்லிகிராம். நிரப்பும் வரிசை: வாய்க்காலை மூடு, காற்றுத் துளையை மூடு, மேல்மூடியைத் திற, பாட்டில் நுனியைக் கண்ணாடி ஓரமாகச் சாய்த்து ஊற்று, நடுச் சிம்னிக்குள் ஒரு துளியும் விழக் கூடாது, மேலே கொஞ்சம் காற்று இடம் விடு, மூடியை இறுக்கு, காற்றைத் திற, கடைசியாக வாய்க்காலைத் திற. பிறகு பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். பொத்தானை அழுத்தாமல் ஓரிரு முறை இழுத்தால் ஜூஸ் நடுவுக்கு வந்து சேரும். 9 வாட்டில் ஆரம்பித்து, ருசி முழுமையாக வரும் வரை ஏற்றினோம். 12 வாட்டில் நின்றது.

ஒவ்வொரு இழுவைக்கும் ஓரிரு சின்னக் குமிழி. பத்து இழுவை தொடர்ந்து இழுத்துக் காட்டினார், தீயவில்லை. உண்மையில் அவருக்குப் பத்து தேவைப்படவும் இல்லை. 12 மில்லிகிராமில் மூன்று நான்கிலேயே டேங்கைக் கீழே வைத்துவிடுகிறார். இனிப்புச் சுவை ஜூஸ் என்றால் காயிலில் கரி சீக்கிரம் ஏறும், பஞ்சை அடிக்கடி மாற்ற வேண்டும். புகையிலைச் சுவையில் அவ்வளவு இல்லை. ருசி மங்கினால் பஞ்சை மாற்றுவது, தீயும் வரை காத்திருக்காமல் இருப்பது, இதுதான் இப்போது அவர் வழக்கம்.

மோடு பற்றி

அந்தக் கிடங்குப் பையன் ஒரு மெக்கானிக்கல் மோடையும் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அதில் சர்க்யூட் எதுவும் இல்லை. பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு சுவிட்ச், அவ்வளவே. காயில் ஷார்ட்டானால் பேட்டரியைத் தடுக்க ஒன்றும் கிடையாது. 2018 மே மாதம் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இந்த வகைக் கருவி வெடித்து 38 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். முதன்முதலாகக் காயில் கட்டுகிற கை ஷார்ட் செய்யாமல் இருக்காது. சர்க்யூட் உள்ள மோடில் அது "ஷார்ட்" என்று எழுத்துக் காட்டிவிட்டு நின்றுவிடும். மோடில் போடும் 18650 என்கிற உருளைப் பேட்டரியின் மேலுறை கிழிந்திருந்தால் அதைப் போடவே கூடாது, தனிப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் டப்பா சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஜூஸ் பாட்டில் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். நிக்கோட்டின் விஷம், தோலில் கொட்டினாலும் உடனே கழுவ வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி அண்ணையிடமிருந்து வந்தது: விமானத்தில் கொண்டுபோகலாமா? பறக்கும்போது கேபின் அழுத்தம் குறையும், டேங்கில் இருக்கும் காற்று விரியும், ஜூஸைப் பஞ்சு வழியே வெளியே தள்ளும். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் இது நடக்கும். டேங்கைக் காலி செய்துவிட்டுப் போவது நல்லது. மோடும் பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. ஆனால் அவர் போக இருந்தது சென்னைக்கு, ஒரு கல்யாணத்துக்கு. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. சேமிப்பு தவிர மற்றவற்றில் முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூர் வழியாகப் போகிற டிக்கெட் என்றால் இன்னும் கறார். அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். அதனால் டேங்கை வீட்டில் வைத்துவிட்டு நிக்கோட்டின் பட்டை வாங்கிக்கொண்டு போகச் சொன்னேன். மருந்துக்கடையில் கிடைக்கும், 24 மணி நேரத்துக்கு ஒன்று ஒட்டுவது. வாங்கிக்கொண்டார். பஞ்சை மட்டும் திரும்பி வந்து புதிதாக வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.